சிட்டுக்கு நீ கொடுத்த தண்ணீர்

மஞ்சு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டே படி. நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் மூன்று முறை உன் அறை வாசல் வரை வந்தேன். ஒரு முறை நீ கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாய். ஒரு முறை தலை துவட்டிக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை சும்மாதான் உட்கார்ந்திருந்தாய், "என்னப்பா?" என்றும் கேட்டாய். ஃபேன் ஏதோ சத்தம் போடுகிறதே என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். முப்பது வருஷமாக லேத் முன்னால் நிற்கிறவன் நான். இரும்பைக் கடைந்துவிடுவேன், வாயைத் திறக்க வரவில்லை. அதனால் திருமுடிவாக்கம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், வேலைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாம் முடிச்சூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம் அல்லவா. மாப்பிள்ளை தன் இரண்டு சிப்பிப்பாறை நாய்களையும் ஓடவிட்டுக் கூட்டி வந்தார். இரண்டும் நாக்கைச் சாண் நீளத்துக்குத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தன. குழாயடியில் நின்ற உன்னிடம், கொஞ்சம் தண்ணீர் வைத்துவிடேன் என்றார். நீ ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்தாய், தூக்கினாய், அப்படியே நின்றுவிட்டாய். அங்கிருந்து என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இப்ப குடுக்கலாமா?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவைக் கேட்காமல் எதுவும் செய்யாத பெண் என்று சம்பந்தியம்மா மெச்சிக்கொண்டார். நானும் சிரித்தேன். நான் தலையாட்டிய பிறகுதான் நீ பேசினைக் கீழே வைத்தாய். தண்ணீர் உன் புடவையில் சிந்தியதை வேறு யாரும் பார்க்கவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற டீச்சர் நீ. தாகத்தில் நிற்கிற நாய்க்குத் தண்ணீர் வைக்க உனக்கு இன்னும் என் அனுமதி வேண்டியிருக்கிறது. ஏன் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். கல்யாணத்துக்கு முன்னால் அதை உன் தலையிலிருந்து இறக்கி வைக்க வேண்டும்.

சிட்டு நம் வீட்டுக்கு வந்தபோது நீ நான்காம் வகுப்பு. தெற்கேயிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருவர் ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த குட்டி. நாய்க்கு யாராவது சிட்டு என்று பெயர் வைப்பார்களா என்று உன்னைக் கேலி செய்தேன், நீ விடவில்லை. ஒரு வருஷத்தில் எலும்பும் நரம்பும் காலுமாக வளர்ந்து நின்றது. பீர்க்கன்கரணையில் நம் தெருவில் அது நடந்து யாரும் பார்த்ததில்லை. பால்காரர் சைக்கிளோடு ஓடும், பெருங்களத்தூர் ஸ்டேஷனில் வண்டி ஊதினால் ஓடும், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் தெருமுனை வரை ஓடிப்போய் உன்னைக் கூட்டி வரும். அதன் மேல் எனக்கு இருந்தது பாசமா பெருமையா என்று கேட்டால், பெருமைதான் அதிகம் இருந்திருக்கும்.

கோடையில் ஏரி வற்றியதும் ஞாயிறு காலையில் அங்கே நாய்ப் பந்தயம் நடக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரம் இருந்த இடத்தில் பெரிய தகரச் சக்கரம் பொருத்தி, அதில் நைலான் கயிற்றைக் கட்டியிருப்போம். கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆட்டுத்தோல் துண்டு. இங்கே பெடலைக் கையால் சுற்றினால் முந்நூறு கஜத்துக்கு அப்பால் கிடக்கிற தோல் தரையோடு தரையாகப் பறந்து வரும், நாய்கள் அதைத் துரத்தும். அந்தத் தகரச் சக்கரத்தைச் செய்தவன் நான். பந்தயக்காரர்கள் என்னை மெஷின்காரர் என்றார்கள். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் ஆறு மணிக்கு நாயின் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். இதற்குக் காயப் போடுவது என்று பெயர். வயிற்றில் தண்ணீர் குலுங்கினால் நாய் கனத்துவிடும், கால் எட்டிப் போடாது என்று சொல்வார்கள். ஓடி முடித்த பிறகும் இரைப்பு அடங்கும்வரை சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது, காட்டினால் நெஞ்சடைத்துச் செத்துவிடும் என்பார்கள். அப்படிச் செத்த நாய் எது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. பட்டறையில் ஒருவன் சொன்னான் என்பதற்காக எந்த அளவையும் நான் ஒப்புக்கொண்டதில்லை, நானே கேலிப்பர் வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன். நாய் விஷயத்தில் கேட்டதையெல்லாம் நம்பினேன். நான் சட்டியைக் கவிழ்க்கும்போது நீ ஒரு நாள், அதுக்குத் தாகமாக இருக்காதாப்பா என்று கேட்டாய். நாய்க்கு வேர்க்காது, அதனால் தாகமும் கம்மி என்று பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன். வேர்க்காது என்பது சரி. வேர்க்காத உடம்பு இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது, ஒவ்வொரு இரைப்பிலும் உள்ளே இருக்கிற நீர் போகிறது என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த லீவு. ஆறரைக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய பந்தயம். முதல் சுற்றில் சிட்டு விளையாட்டாக ஜெயித்தது. கடைசிச் சுற்றுக்குக் கூடுவாஞ்சேரிக்காரர்கள் வர வேண்டும், அவர்கள் வந்த வேன் வழியில் பஞ்சர். அவர்கள் வந்து சேர்ந்தபோது என் மெஷினில் கயிறு அறுந்தது. மெஷின்காரர் அல்லவா, அவசரப்படாமல் உட்கார்ந்து முடிச்சுத் தெரியாமல் கயிற்றைப் பின்னினேன். ஒன்பது மணிக்கு நீ எனக்கு இட்லித் தூக்கோடு வந்தாய், கழுத்தில் உன் பள்ளிக்கூடத்துச் சிவப்பு வாட்டர் பாட்டில். சிட்டு ஒரு பனைமரத்து நிழலில், பட்டையாய் விழுந்த அந்த நிழலுக்குள் உடம்பை அடக்கிக்கொண்டு, ஈரம் காய்ந்த சேற்றை நக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுக்கட்டுமா என்று நீ மூன்று முறை கேட்டாய். மூன்றாம் முறை எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

கடைசிச் சுற்று நடந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. சிட்டு அரை உடம்பு வித்தியாசத்தில் ஜெயித்தது. தாம்பரம் ரயில்வே யார்டில் வேலை பார்த்த நம் ஏழுமலை மாமா என்னை அப்படியே தூக்கிச் சுற்றினார். வழக்கமாகத் தோலைக் கவ்விக்கொண்டு என்னிடம் வரும் நாய், அன்று தோலை விட்டுவிட்டு வட்டம் வட்டமாக நடந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. நான் அதைப் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன். இரைப்பு அடங்கட்டும், தண்ணி காட்டாதே என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பரிசு வாங்கப் போனேன். எவர்சில்வர் குடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, நீ பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிக் காட்டிக்கொண்டிருந்தாய், அது நக்கிக்கொண்டிருந்தது. நான் ஓடி வரவில்லை. ஆட்கள் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அது பக்கவாட்டில் சாய்ந்தது, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

வந்ததும் நான் நாயைத் தொடவில்லை. முதலில் உன்னிடம்தான் பேசினேன். "தண்ணி குடுத்தியா? சொன்னேன்ல. கொன்னுட்டியேடி." இருபது பேர் அதைக் கேட்டார்கள்.

ஏழுமலையும் நானும் சிட்டை ஆட்டோவில் போட்டுக்கொண்டு தாம்பரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். நீ ஜி.எஸ்.டி. ரோடு திரும்புகிற வரை ஆட்டோவின் பின்னால் ஓடி வந்தாய். கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. ஞாயிறு என்பதால் ஆஸ்பத்திரி மூடியிருந்தது. பின்னால் குவார்ட்டர்ஸில் இருந்த டாக்டர் கைலி பனியனோடு சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார், அது கிள்ளியபடியே நின்றது, படியவில்லை. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று கேட்டார்.  ஏழுமலைதான் சொன்னார்: "நேத்து சாய்ந்தரம் சார். பந்தயம் கீதுன்னு காயப் போட்டுகினு வந்தோம்." நான் அவசரமாகக் குறுக்கே விழுந்து, இரைக்கிறபோது என் பெண் தண்ணீர் கொடுத்துவிட்டாள், அதில்தான் விழுந்துவிட்டது என்றேன். டாக்டர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தண்ணியால ஒண்ணும் ஆகலீங்க. பதினேழு மணி நேரம் தண்ணி இல்லாம வெச்சு, வெயில்ல ஓட விட்டிருக்கீங்க. அதான்." குளுக்கோஸ் ஏற்றினார், வயிற்றையும் பாதங்களையும் நனைத்து ஃபேன் போட்டார். மூன்று மணிக்குள் சிட்டு போய்விட்டது. ஏழுமலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கழுத்துப்பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஏழுமலையிடம், டாக்டர் சொன்னது நம்மோடு இருக்கட்டும் என்றேன். "உன் பொண்ணாண்ட கூடவா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "பேஜார் புட்ச்ச வேல மச்சான் இது. அது கொயந்த" என்றார். நம் வீட்டுக்கு வராமல் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டில் டீ குடிக்க வந்ததே இல்லை. ஏழுமலை மாமா ஏன் வருவதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சொன்னேன்.

நீ வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய், பாட்டில் கழுத்திலேயே இருந்தது. என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்து, உனக்குக் கேட்கும்படி சொன்னேன்: "டாக்டரே சொல்லிட்டாரு. இரைக்கிறப்ப தண்ணி குடுத்ததுதான் காரணமாம்." நீ அழவில்லை. பாட்டிலைக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாய். மறுநாள் நான் முதல் ஷிஃப்டுக்குப் போனேன். மெஷின்காரர் தன் நாயைத் தாகத்தில் கொன்றுவிட்டார் என்று ஏரியில் பேசுவார்களே என்பது ஒன்றுதான் நான் பொய் சொன்னதற்குக் காரணம். எவ்வளவு யோசித்தாலும் இதைவிடப் பெரிய காரணம் கிடைக்கவில்லை. இருபது பேர் வாய்க்குப் பயந்து, பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு சாவை ஏற்றி வைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வாரம் போயிற்று, பிறகு வருஷம் போயிற்று. மரத்துப்போன இடத்தில் ஊசி குத்தினால் தெரியாது அல்லவா, எனக்கு அப்படித்தான் இருந்தது, இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

நான் பார்க்காமல் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை எடுப்பாய். நல்ல மரியாதை என்று வந்தவர்கள் சொல்வார்கள். அம்மா டைஃபாய்டில் கிடந்தபோது, அவள் தண்ணீர் கேட்டதும் நீ கொடுக்காமல் பட்டறைக்கு எதிர் டீக்கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டாய். நான் வருகிற வரை அவள் உலர்ந்த வாயோடு கிடந்தாள். அன்றைக்கும் உன்னைத்தான் திட்டினேன். உன் பள்ளி விளையாட்டு விழாவில், ஓடி முடித்து வருகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். அம்மா இதைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் எழுதக் கஷ்டமானது. இரண்டு வருஷம் கழித்து வேலு என்ற நாயை வாங்கி மாடியில் வளர்த்தேன், நீ ஒரு நாளும் மாடி ஏறவில்லை. வேலுவை நான் ஒரு நாளும் காயப் போடவில்லை. பந்தயத்தன்று விடிவதற்கு முன்னால், நீ எழுவதற்குள், மாடிக்குப் போய் அதற்குத் தண்ணீர் வைப்பேன். நீ பார்த்தால் கேள்வி வரும். ஏரியில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் ஒரு டப்பாவில் கொஞ்சம் காட்டுவேன். ஒன்பது வருஷம் ஓடி, நன்றாக வாழ்ந்து செத்தது. சிட்டு செத்ததிலிருந்து நான் கற்றுக்கொண்டேன், அதன் பலனை இன்னொரு நாய்க்குக் கொடுத்தேன். பழியை மட்டும் உன்னிடமே விட்டுவைத்தேன். இதற்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

இரண்டு ஓட்டக்கார நாய்கள் இருக்கிற வீட்டுக்குப் போகிறாய். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன். சட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும். எந்நேரமும் தண்ணீர் கிடைக்கும் என்று தெரிந்த நாய் மடமடவென்று குடிக்காது, வறண்டு கிடந்த நாய்தான் ஒரே மூச்சில் குடித்து வாந்தி எடுக்கும். ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வயிறு நிறையக் குடிக்கட்டும், ஓடும் நேரத்துக்குள் ஒன்றுக்குப் போய்விடும், கனம் எல்லாம் கட்டுக்கதை. நடுநடுவே நிறுத்தி நாலு வாய், ஐந்து வாய் என்று காட்டு. ஓடி வந்ததும் ஒரு வாளியை முன்னால் வைக்காதே, கொஞ்சம் நடக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. ஆனால் கொடு, இரைப்பு அடங்கட்டும் என்று காத்திருக்காதே. ஐஸ் தண்ணீர் வேண்டாம், பானைத் தண்ணீர் போதும். வெறும் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுப் போகிற நாய்க்குக் கறி வேகவைத்த தண்ணீரை, உப்புப் போடாமல், ஒரு கரண்டி கலந்து வை, வேலு அப்படித்தான் குடிக்கும். ஓட்டத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டையே கேழ்வரகுக் கூழாகத் தளரக் கரைத்து ஊற்றலாம். ஈறைத் தொட்டுப் பார், வழவழப்பாக இருக்க வேண்டும், விரலில் ஒட்டினால் உடம்பு காய்கிறது என்று அர்த்தம். மூத்திரம் மஞ்சளாகப் போனால் அன்று ஓட்டம் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் யார் வேன் பஞ்சரானாலும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். நாய் தள்ளாடினால் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாவற்றையும் நனைத்து, காற்று படவிட்டு, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதில் எதற்கும் நீ யாரையும் கேட்க வேண்டாம்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடலாம் என்று நேற்று முடிச்சூர் போனேன். சொல்லும்போதே சிட்டு கதையும் முழுதாக வந்துவிட்டது. குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இத மஞ்சுகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட ஏன் மொதல்ல சொல்றீங்க?" என்றார். நல்ல மாப்பிள்ளை. பஸ் ஏறி வந்தேன். வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "பதினாலு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மறுபடி நறுக்கினாள். அதற்குப் பிறகு என்னிடம் கல்யாண வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

இதை எழுதினால் அழுகை வரும், பாரம் இறங்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. கை மட்டும் வலிக்கிறது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. கோபப்பட்டால் படு, பேசாமல் இருந்தால் இரு, இரண்டுமே நியாயம்தான். ஆனால் உனக்குச் சேர வேண்டிய ஒன்று என்னிடம் தங்கிவிட்டது, அதைக் கொடுத்துவிடுகிறேன். சிட்டு போன பிறகு டாக்டர் கை கழுவிக்கொண்டே, உங்கள் பெண்ணுக்கு எத்தனை வயசு என்று கேட்டார். பதினொன்று என்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று ஒன்று சொன்னார். சொல்கிறேன் சார் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வந்தேன். அவர் சொன்னது இது:

"வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தக் கொழந்தைகிட்ட சொல்லுங்க. அங்க இருந்த அத்தனை பேர்ல அவ ஒருத்திதான் அந்த நாய்க்கு வேணுங்கறத செஞ்சா. தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுட்டு அவ ஒரு நாள்கூட இருக்கக் கூடாது."

அப்பா